தேரி நாட்டுச் சேகரங்களின் ஊர்ப்பெயர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காவியங்களைப் பற்றியும் பேரரசர்களைப் பற்றியும் ஆராய்ந்து பேசுவதற்கென்றே அமைந்த இத்தகைய மேடையில் விளைகளையும் ஊருணிகளையும் பற்றிப் பேசுவதற்கு என்னை அழைத்த அறக்கட்டளையாரின் பெருந்தன்மைக்கு முதற்கண் என் வணக்கத்தைச் செலுத்திக்கொள்ளுகிறேன். பெரிய நகரங்களின் பெயர்களுக்குப் புராணமும் கல்வெட்டும் சாட்சி சொல்ல முன்வருகின்றன. நூறு வீடுகளும் ஒரு கோயிலும் சில பனங்காடுகளுமாக அமைந்த சிற்றூருக்கோ, அதன் பெயரே சாசனமாகவும் சரித்திரமாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. அந்தச் சாசனத்தைப் படிக்கும் முறை எது என்பதே இன்றைய என் பிரஸ்தாபம்.

1. எல்லையும் சாட்சிகளும்

தாமிரபரணியின் தென்புறத்தே, ஆற்றுப் பாசனம் எட்டாத செம்மணல் வெளியாய்ப் பரந்து கிடக்கும் தேரி நாட்டில், நாசரேத், முதலூர், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி முதலான ஊர்களைத் தலைமையாகக் கொண்ட சேகரங்களே என் ஆராய்ச்சிக்கு எல்லை. ஒப்புநோக்கும் பொருட்டு ஆற்றுக்கு வடக்கிலுள்ள சாயர்புரத்தையும் மேற்கு மலையடிவாரத்து டோனாவூரையும் இடையிடையே எடுத்துக்கொள்வேன். சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் அடங்கிய பல சபைகளின் தொகுதி என்பதையும், கத்தோலிக்கர் அதனைப் பங்கு என்று வழங்குவர் என்பதையும் இங்குள்ளோர் அறிவார்கள். வருவாய்த் துறையின் கணக்கிலே ஒரே கிராமத்தின் பெயருக்குள் மறைந்துபோகும் சிறு குடியிருப்புகள்கூடச் சேகரத்தின் ஜாபிதாவில் தனித்தனியே பெயர் பெற்று நிற்கின்றனவாதலால், இடப்பெயர் ஆராய்வோனுக்கு வருவாய்க் கிராமத்தைக் காட்டிலும் சேகரமே வளமான நிலம் என்பது என் அபிப்பிராயம்.

பெயர் ஒன்றின் பிறப்பைத் தேடுவோனுக்குச் சாட்சிகள் மூன்று: பழைய கல்வெட்டு, கோயில்களிலும் கச்சேரிகளிலும் உள்ள பதிவேடு, ஜனங்களின் நா. இவற்றுள் எதனையும் தனித்து நம்புவது தவறு. ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரி சீவலப்பேரியாகவும், ஜயதுங்கன் என்ற பட்டப்பெயரால் அமைந்த நல்லூர் செய்துங்கநல்லூராகவும் நாவிலே தேய்ந்திருப்பதைக் கண்டவர்கள், வழக்கிலுள்ள வடிவத்தை மட்டும் கேட்டு அதற்கு ஒரு கதை கட்டிவிடத் துணியமாட்டார்கள்.

அவ்வாறு கதை கட்டுவதற்கு மிகவும் இடங்கொடுக்கும் பெயர் சாத்தான்குளம். விவிலியத்தைத் தமிழிற் படித்துப் பழகிய செவிக்கு அப்பெயர் திடுக்கிடச் செய்வதாகவே இருக்கும்; வெளியூர்களிலிருந்து வந்த விருந்தினர் பலர் அதைக் கேட்டுப் புன்னகை செய்ததும் உண்டு. ஆனால் சாத்தன் என்பது மணிமேகலை ஆசிரியர் தாங்கிய பெயர். பழந்தமிழகத்தில் மக்கள் விரும்பித் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர். ஊர்க்காவல் தெய்வமாகிய ஐயனாரையும் குறித்த பெயர். குளத்தை வெட்டியவன் பெயராலோ, குளக்கரையில் அமர்ந்த தெய்வத்தின் பெயராலோ அவ்வூர் பெயர்பெற்று, விவிலியத் தமிழ் பிறப்பதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. பின்னாளில் அங்கே கிறிஸ்தவ சபை தோன்றியபொழுதும், அச்சபையார் அப்பெயரைக் கண்டு கூசவில்லை, மாற்றவும் இல்லை. உள்ளூரார்க்கு அது பெயர் மட்டுமே. அதிலே தீவினையைக் காண்பவன் அயலான்.

2. மண் இட்ட பெயர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் ரயில் பாதை 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்பாதையிலே பயணம் செய்பவன் நிலையப் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், இந்நாட்டு இடப்பெயர்களின் படிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்குப் புலப்படும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்பன ஆற்றங்கரைப் பெயர்கள். அரசனும் ஆழ்வாரும் ஆண்டவனும் இட்ட பெயர்கள். நெல் விளையும் நஞ்சை நிலத்தின் செல்வமும் கோயிற் சிறப்பும் அவற்றிலே ஒலிக்கின்றன. அவற்றுக்கு அடுத்து நாசரேத் வருகிறது; அதற்கு அடுத்துக் கச்சனாவிளை வருகிறது. ஈரமண் முடிந்து வறண்ட மண் தொடங்கிவிட்டது என்பதைப் பூமியின் நிறம் அறிவிப்பதற்கு முன்னரே விளை என்னும் ஈற்றுச்சொல் அறிவித்துவிடுகிறது.

விளை என்பது இப்பகுதியிலும் குமரி நாட்டிலும் நீர்ப்பாய்ச்சலில்லாத மேட்டு நிலத்தை, சிறப்பாக மரம் நிற்கும் தோட்டத்தைக் குறிக்கும் சொல். தேரி நாட்டில் அம்மரம் பனை. திசையன்விளை, பிச்சிவிளை, இடைச்சிவிளை, வெள்ளாளன்விளை, கச்சனாவிளை என்று எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றுள் பலவற்றில் முதற்பகுதி ஓர் ஆளையோ ஓர் இனத்தாரையோ சுட்ட, பிற்பகுதி அவர்கள் உரிமையிலிருந்த பனங்காட்டைச் சுட்டுகிறது. பதநீர்க் காலத்தில் பனையேறுவோர் ஊரிலுள்ள வீட்டை விட்டுவிட்டு விளையிலேயே விடிலி என்னும் குடிலை அமைத்துத் தங்கி, ஆண்கள் காலையும் மாலையும் மரமேறப் பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பது இந்நாட்டு வாழ்க்கைமுறையாயிருந்தது. அவ்வாறு பருவத்துக்குப் பருவம் போடப்பட்ட விடிலிகளில் சில, காலகதியில் நிலையான வீடுகளாகி, வீடுகள் தெருவாகி, தெரு ஊராகியிருத்தல் இயல்பே. தோட்டத்தின் பெயர் ஊரின் பெயராக நிலைத்ததற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. குடியிருப்பு என்று முடியும் பெயர்களும் இந்த வரலாற்றின் மற்றொரு கிளையே. தேரிக்குடியிருப்பு என்ற பெயர் மண்ணையும் மனிதர் வந்து தங்கிய செயலையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது.

வறண்ட நாட்டில் நீர் நின்ற இடமெல்லாம் பெயர் பெறும். ஆற்றங்கரையில் ஒரு சிறு குட்டைக்கு எவரும் பெயரிடுவதில்லை; தேரிக்காட்டிலோ மழைநீர் தேங்கும் பள்ளமும் ஓர் ஊருக்குப் பெயர் கொடுக்கும் தகுதி உடையது. நாசரேத்தைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் அகப்பைக்குளம் என்பது ஒன்று, வெள்ளரிக்காயூரணி என்பது ஒன்று. அடுக்களையிலிருந்து எழுந்து வந்தவைபோல் தோன்றும் இப்பெயர்களைக் கேட்டு நகைப்பவர்கள், அவற்றின் ஈற்றிலே நிற்கும் குளத்தையும் ஊருணியையும் கவனிப்பதில்லை. இவ்வூர்களில் குடியேறியவர்கள் முதலாவது நீரைக் கண்டார்கள். அதன் பின்னரே அதற்கு ஓர் அடைமொழியைத் தேடினார்கள். முன்னே நிற்கும் சொல் ஊருக்கு அழகு. பின்னே நிற்கும் சொல்லே ஊருக்கு உயிர்.

3. குடிகள் இட்ட பெயர்கள்

இனி, மக்கட் பிரிவுகளின் பெயரைத் தாங்கிய ஊர்களைப் பார்ப்போம். இடையன்குடி, வெள்ளாளன்விளை, இடைச்சிவிளை, தட்டார்மடம் ஆகியவற்றைக் கேட்ட மாத்திரத்தில், அங்கங்கே அந்தந்த வகுப்பார் பெருந்தொகையாக வாழ்கின்றனர் என்று கருதுவது இயற்கை. நேரிற் சென்று பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். இடையன்குடியின் சபை பெரும்பாலும் பனைத்தொழிலால் வாழ்ந்த நாடார் சமூகத்தாரால் ஆனது, வெள்ளாளன்விளையும் அப்படியே. பெயர் காட்டுவது இன்று குடியிருப்பவரை அன்று. ஒரு காலத்தில் அந்நிலத்திற்கு உரிமை பாராட்டியவரையோ, அதில் முதன்முதல் வந்து தங்கியவரையோதான் அது காட்டுகிறது. மேய்ச்சலுக்கு வந்த இடையர் பட்டி போட்ட இடத்தில் பின்வந்தோர் பனை வளர்த்தார்கள். வழிப்போக்கருக்கென்று மடம் அமைத்தவர்களின் பெயர் அம்மடத்தைச் சூழ்ந்து வளர்ந்த ஊருக்கு ஆயிற்று. உரிமை கைமாறிய பின்னும் பெயர் கைமாறுவதில்லை என்பது இடப்பெயராய்ச்சியின் முதற் பாடங்களுள் ஒன்று.

இடையன்குடியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். 1841ஆம் ஆண்டின் இறுதியில் கால்டுவெல் ஐயர் அங்கு வந்து சேர்ந்தார். பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவ்வூரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். தெருக்களை நேராக வகுத்து, கிணறுகளைத் தோண்டுவித்து, மரங்களை நடுவித்து, மணற்காட்டின் நடுவே ஒழுங்கான ஒரு கிராமத்தை உருவாக்கினார். பல ஆண்டுகள் வளர்ந்த திரித்துவ ஆலயம் 1880ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1891இல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடல் அவ்வாலயத்துக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. இவ்வளவையும் மாற்றியமைத்த ஒருவர், ஊரின் பெயரை மாத்திரம் மாற்றவில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவரும், 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதிக் கொற்கை, காயல் முதலான பழம்பெயர்களின் பொருட்டுக் கடற்கரையையே அகழ்ந்து பார்த்தவருமான அவருக்கு, பழம்பெயரின் அருமை தெரியாமல் இருந்திருக்க முடியாது. எனினும் அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு என்று கருதுகிறேன். அவர் வருவதற்கு முன்பே அவ்வூர் ஊராக இருந்தது. ஜனங்கள் தாங்கள் இருந்த இடத்தில் இருந்துகொண்டே சபையில் சேர்ந்தார்கள். இருந்த ஊருக்குப் புதுப்பெயர் எதற்கு?

வெள்ளாளன்விளையின் செய்தியும் இதுவே. 1874ஆம் ஆண்டு அங்குள்ள குருமனையிலே பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் பதவியேற்ற முதல் இந்தியர் என்ற பெருமை பெற்றார். ஆலயமும் பாடசாலையும் எழுந்து இத்தகைய ஒருவரை உலகுக்கு அளித்த பின்னும், அவ்வூர் தன் பழைய தோட்டக்காரனின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது.

4. அடைக்கலம் இட்ட பெயர்கள்

மேற்கூறிய ஊர்களினின்றும் முற்றிலும் வேறான ஒரு வகுப்பு உண்டு. 1799ஆம் ஆண்டு, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அதே ஆண்டில், பாளையப்பட்டுகளின் போரால் நாடு கலங்கிக் கிடந்த வேளையில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த சில குடும்பத்தார் தங்கள் சொந்த ஊர்களில் நிம்மதியாக வாழ முடியாத நிலைமை ஏற்பட்டது. உபதேசியாராகிய தாவீது சுந்தரானந்தம் சாத்தான்குளத்துக்கு அருகில் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். அவ்வாறு உண்டான ஊர் முதலூர். கிறிஸ்தவர்களுக்கென்றே தனியாக அமைந்த முதல் ஊராதலின் முதலூர் என்று பெயரிட்டார்கள். ஓர் அப்போஸ்தலன் பெயரையோ பரிசுத்தவான் பெயரையோ இடாமல், இது முதலாவது, இதன் பின் வேறும் உண்டாகும் என்ற நம்பிக்கையையே பெயராக வைத்த அவர்களுடைய துணிவு வியக்கத்தக்கது. இன்று மஸ்கோத் அல்வாவின் பொருட்டு அப்பெயரை அறிந்தவர்களே மிகுதி எனினும், அதனுள்ளே ஓர் அடைக்கலத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

வணிகராகிய சாமுவேல் சாயர் என்பவர் 1814ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிக் கொடுத்தார். அந்நிலத்தில் எழுந்த ஊர் சாயர்புரம். பின்னர் போப்பையர் அங்கே நடத்திய கல்விச்சாலையால் அப்பெயர் தமிழ் கற்றோர் அனைவருக்கும் அறிமுகமாயிற்று. 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்து ஊழியம் செய்த ரேனியஸ் ஐயரின் காலத்தில் இவ்வகைக் குடியேற்றம் ஒரு திட்டமாகவே வளர்ந்தது. பிரஷ்ய தேசத்துப் பிரபுவாகிய டோனா என்பவர் அளித்த பொருளின் நன்றியறிதலாகப் புலியூர்க்குறிச்சி, டோனாவூர் ஆயிற்று. பிற்காலத்தில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் 1951இல் தாம் மறையும் வரை வாழ்ந்து தொண்டாற்றிய இடம் அது. துன்புறுவோருக்கு நிலமும் மனையும் வாங்கித் தருவதற்கென்று ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பையும் ஏற்படுத்தினார். நெடுவிளை என்று வழங்கிய இடம் மெய்ஞ்ஞானபுரம் ஆயிற்று. வேல்ஸ் நாட்டவராகிய ஜான் தாமஸ் ஐயர் அங்கே வந்து, 1870இல் உயிர் நீங்கும் வரை இருந்து, மணல்வெளியைத் தோப்பாக்கி, 192 அடி உயரக் கோபுரத்தையுடைய தூய பவுலின் ஆலயத்தையும் எழுப்பினார்.

இவற்றோடு சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், பிரகாசபுரம், ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம் முதலானவற்றையும் சேர்த்துப் பார்த்தால், விளை என்னும் ஈறு மண்ணுக்கு உரியதானாற்போலப் புரம் என்னும் ஈறு இங்கே அடைக்கலத்துக்கு உரியதாகிவிட்டமை விளங்கும். இருந்த இடத்தில் இருந்தபடியே சேர்ந்த சபைகள் பெரும்பாலும் விளையாகவும் குளமாகவும் குடியாகவும் நிலைத்தன. நிலம் வாங்கிக் குடியேற்றப்பட்ட சபைகள் ஊராகவும் புரமாகவும் புதுப்பெயர் பூண்டன. இதற்கு விலக்குகள் உண்டு. எனினும், ஒரு சேகரத்தின் ஜாபிதாவைக் கையிற் கொடுத்தால், அதிலுள்ள சபைகளில் எது பெயர்ந்து வந்தது, எது வேரோடு நின்றது என்று ஈற்றைக் கொண்டே ஓரளவு ஊகித்துவிடலாம்.

5. புதிய பெயரும் பழைய முறையும்

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். நாசரேத் என்பதும் டோனா என்பதும் சாயர் என்பதும் தமிழ் மண்ணுக்கு அந்நியமான ஒலிகள். இவற்றைத் தமிழகத்து இடப்பெயர் மரபில் சேர்ப்பது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒலி அந்நியமானது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். பெயரிட்ட முறை அந்நியமானது என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பாண்டிய மன்னர் பதினைந்தாம் நூற்றாண்டில் சிற்றாற்றங்கரையிலே விசுவநாதருக்குக் கோயில் எடுத்து, கங்கைக்கரையிலுள்ள நகரத்தின் பெயரையே அதற்கு இட்டுத் தென்காசி என்று வழங்கச் செய்தார்கள். எட்டாத புண்ணிய ஸ்தலத்தைப் பெயரால் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இம்மண்ணின் பழைய சம்பிரதாயம். வைகுந்தத்தையே ஆற்றங்கரையிற் கண்டு ஸ்ரீவைகுண்டம் என்று பெயர் சொல்லிவந்த ஜனங்களுக்கு, சில கல் தொலைவிலே ஒரு நாசரேத் தோன்றியது விந்தையாக இருந்திருக்க நியாயமில்லை. திருக்குருகூர் நம்மாழ்வாரின் மேன்மையால் ஆழ்வார்திருநகரி ஆயிற்று. அடியவரின் சிறப்பு நோக்கி ஊரின் பழம்பெயர் பின்தள்ளப்படுவதும் புதிதன்று. நிலம் ஈந்தவன் பெயரை ஊருக்கு இடுவது அரசர் காலந்தொட்டு வரும் நன்றியின் வடிவம். குலசேகரன் பெயரால் பட்டினம் அமைந்த சீமையிலே, சாயர் என்ற வணிகரின் பெயரால் ஒரு புரம் அமைந்தது. இலக்கணமும் இதற்கு விலக்கில்லை: டோனா என்னும் நிலைமொழியின் முன் ஊர் வந்து புணர்ந்தபோது, ஆகாரத்தின் பின் வரவேண்டிய வகர உடம்படுமெய் தவறாமல் வந்து டோனாவூர் என்று நின்றது. பிரஷ்யப் பிரபுவின் பெயர் நன்னூலுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது.

ஆகவே என் கருத்து இது: இந்நாட்டில் சமயம் மாறியபொழுது சில ஊர்களின் பெயர் மாறியது, ஆனால் நீரைப் போற்றுதல், உரிமையைக் குறித்தல், ஈந்தவனை நினைத்தல், தூரத்துப் புனிதத்தை அருகே அழைத்தல் என்ற நான்கு காரணங்களால் பெயரிடும் வழக்கம் மாறவே இல்லை. பெயரைக் கொண்டு ஊரைப் பிரிப்பவர்கள் ஒலியை மட்டும் கேட்கிறார்கள்; முறையைக் கொண்டு நோக்குபவர்களுக்குத் தென்காசியும் நாசரேத்தும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆனால் மாற்றத்தினால் நேர்ந்த நஷ்டத்தையும் மறைக்கலாகாது. நெடுவிளை என்ற பெயர் அங்கே நீண்டதொரு பனந்தோட்டம் இருந்ததைச் சொல்லிற்று. புலியூர்க்குறிச்சியிலே குறிஞ்சி நிலத்துச் சிற்றூரின் சாயல் கேட்டது. மெய்ஞ்ஞானம் மக்களின் நோக்கத்தைச் சொல்லுமேயன்றி மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகையால், புதுப்பெயரை மதித்துக்கொண்டே பழம்பெயரையும் எழுதி வைக்கவேண்டுவது சரித்திர உணர்ச்சி உடையோர் கடன்.

6. இனிச் செய்யவேண்டுவன

ஊர்ப்பெயர்களுக்குப் பலகையும் தபால் முத்திரையும் ரயில் நிலையமும் காவல் நிற்கின்றன. ஊருக்குள் அடங்கிய சிறு பெயர்களுக்கோ காவல் ஒன்றுமில்லை. ஒவ்வொரு விளைக்கும், ஒவ்வொரு கிணற்றுக்கும், தேரியின் ஒவ்வொரு மேட்டுக்கும் பனையேறுவோர் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். சர்வே எண் வந்த பின் கிரயப் பத்திரத்தில் அப்பெயர்களுக்கு அவசியம் குறைந்தது. பனைத்தொழில் சுருங்கவே, நாவிலும் அவசியம் குறைந்துவருகிறது.

அவை மறைந்துபோகுமுன் அவற்றைத் தொகுத்து எழுதி வைக்கவேண்டும்; அதற்குப் பெரும்பொருள் செலவு வேண்டியதில்லை. சேகரந்தோறும் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டிலும் விவாகப் பதிவேட்டிலும் குடும்பத்தாரின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றிலுள்ள பெயர்களை ஆண்டு வரிசையில் பெயர்த்தெழுதினால், எந்தக் குடியிருப்பு எப்பொழுது தோன்றிற்று, எப்பொழுது பெயர் மாறிற்று, எப்பொழுது ஆளற்றுப் போயிற்று என்பது வெளிப்படும். அத்துடன் கல்லூரி மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊர்ப் பெரியவர்களை அணுகி, இந்த விளைக்கு என்ன பெயர், இந்தக் கிணற்றை வெட்டியவர் யார் என்று கேட்டு, அவர்கள் சொன்ன ஒலியிலேயே, இலக்கணம் பார்த்துத் திருத்தாமல், குறித்துக்கொள்ள வேண்டும். திருத்திய பெயர் சுத்தமாக இருக்கலாம், சாட்சியாக இராது. பெயருக்குச் சொல்லப்படும் கதையையும் எழுதுக. ஆனால் கதையை ஒரு பத்தியிலும் ஆதாரத்தை மற்றொரு பத்தியிலும் பிரித்து எழுதுக. கிறிஸ்தவ சபையின் பதிவேட்டோடு அண்மையிலுள்ள ஐயனார் கோயிலைப் பற்றிய வழக்காறுகளையும் கடற்கரைப் பள்ளிவாசல்களின் ஏடுகளையும் சேர்த்து ஒப்பிட்டாலன்றி இவ்வேலை நிறைவுபெறாது. குளமும் ஊருணியும் எல்லோருக்கும் பொதுவாயிருந்ததுபோல அவற்றின் பெயர்களும் பொதுவானவையே.

ஒரு சேகரத்தில் ஒரு குருவானவரும் ஓர் ஆசிரியரும் முன்வந்தால் ஓராண்டுக்குள் அச்சேகரத்தின் பெயர் ஜாபிதா ஆயத்தமாகிவிடும். அத்தகைய ஜாபிதாக்களைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பை இவ்வறக்கட்டளையாரே ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்ளுகிறேன்.